டாலர் குறியில் தொடங்கும் வாக்கியம்

பெருநகரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில் இருக்கும் எங்கள் ஊரில் நெல் உண்டு, ஏரி உண்டு, தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் வந்து கூடும் செய்யாறு உண்டு. அலைதான் இல்லை. ஆனால் அந்தச் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்ந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலுக்குள் போகிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் எங்கள் மாவட்டத்துக் கரைகள். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. இருந்தாலும் கடல் எங்களை விட்டுப் போய்விடவில்லை.

இதைப் படிக்கும் உங்கள் சட்டைப்பையில் கைபேசி இருக்கும். வழி பார்க்க வரைபடத்தைத் திறந்தால், நீல நிறப் புள்ளி நீங்கள் நிற்கும் இடத்தில் வந்து உட்காருகிறது. அந்தப் புள்ளியை அங்கே கொண்டுவந்து வைக்கும் சிப், பெரும்பாலான கைபேசிகளில், பேசும் மொழி படகுகளுக்காகச் செய்யப்பட்டது. பெருநகர் வழியாக வந்தவாசிக்குப் போகும் புது லாரியின் இன்ஜினுக்குள் ஓடும் மொழியோ, கரையில் பிறந்து கடலுக்குக் குடிபோய்விட்டது. ஒன்று ஏறி வந்தது, மற்றது இறங்கிப் போனது. இரண்டும் சந்தித்த இடம், பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு சின்னப் படகு. அந்தப் படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசக் கற்ற கதை இது.

முதலில் கருவி என்றால் கயிறுதான். நுனியில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, எத்தனை பாகம் ஆழம் என்று கையை விரித்து அளந்தார்கள். இரண்டு கைகளையும் நீட்டினால் வரும் நீளம் ஒரு பாகம். மீன் மேயும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கரையில் உள்ள கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலையையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தார்கள். வேறு திசையில் ஒரு பனையையும் ஒரு மாதா கோயிலையும் இன்னொரு கோட்டில் வைத்தார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார். தென்கரைகளில் இதைக் கணியம் என்றும் கணிச்சம் என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். அப்பன் மகனுக்குச் சொல்லித்தரும் சொத்து அது.

தூரம் போகிறவர்களிடம் ராப்பலகை இருந்தது. உள்ளங்கை அளவுள்ள மரப்பலகை, நடுவில் துளை, துளை வழியே முடிச்சுகள் போட்ட நூல். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் அடி விளிம்பைக் கடல் விளிம்பிலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்த வேண்டும். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ, அந்த முடிச்சுக்குரிய துறையின் நேர்க்கோட்டில் படகு இருக்கிறது என்று பொருள். துறைக்கு ஒரு முடிச்சு. அரபு மாலுமிகள் இதைக் கமால் என்றார்கள். இந்தியப் பெருங்கடலில் இதைப் பார்த்த போர்த்துகீசியர்கள் விடுவார்களா? 1500-இல் காப்ராலின் கப்பல்களோடு பிரேசிலில் இறங்கிய மெஸ்ட்ரே ஜொவாவ் என்ற வானியலாளர், தம் மன்னருக்கு எழுதிய கடிதத்திலேயே 'இந்தியாவின் பலகைகள்' பற்றிக் குறிப்பிடுகிறார். நம் பக்கத்துப் பலகை, அவர்கள் கண்ணில் பட்ட இரண்டே வருடத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. இங்கேயோ அது நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. 1850-இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சோழமண்டலக் கரை மாலுமிகளின் உத்திகளைப் பற்றிச் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் எழுதும்போது, இந்த முடிச்சுப் பலகையைப் புழக்கத்தில் உள்ள பொருளாகவே விவரிக்கிறார்.

கயிறு ஆழத்தைச் சொன்னது, பலகை இருப்பிடத்தைச் சொன்னது, கன்னத்தில் படும் காற்று வாடையா கச்சானா என்பதைச் சொன்னது. மூன்றையும் சேர்த்துப் பார்த்துச் சுக்கானைத் திருப்பியது மனிதனின் தலை. கருவிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாச் செய்தியும் ஒரே தலையில் வந்து கூடியது.

இருபதாம் நூற்றாண்டில் கருவிகள் பெருகின. அவை எப்படிப் பெருகின என்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பலவற்றுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது.

1912-இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டால் பாறை தெரியுமா என்று பலர் முனைந்தார்கள். 1914-இல் ரெஜினால்ட் ஃபெசண்டன் வட அட்லாண்டிக்கில் ஒரு பனிப்பாறையின் எதிரொலியைப் பிடித்துக்காட்டினார். அந்தச் சோதனையில் கடலடித் தரையும் சேர்ந்து எதிரொலித்தது. ஈயக்குண்டுக் கயிற்றின் காலம் அன்றே முடியத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் படகுகளுக்கு மின்சார வேலை செய்துவந்த ஃபுருனோ சகோதரர்கள், மீன் கூட்டம் இருக்கும் இடத்தில் குமிழி வரும் என்று ஒரு மீனவர் சொன்ன பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குமிழி இருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்புமே! போரில் மிஞ்சிய ஆழமானிகளை வாங்கிப் பிரித்து மாற்றியமைத்து, 1948-இல் மீன் காட்டும் கருவியைச் செய்துவிட்டார்கள். உண்மையில் ஒலியைப் பெரிதும் திருப்புவது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. காரணம் கொஞ்சம் விலகினாலும் கருவி வேலை செய்தது. நம் மீனவர்கள் சுருக்கமாக 'எக்கோ' என்று சொல்வது அதன் வாரிசைத்தான்.

இப்படி எக்கோ ஒரு வழியில் வந்தது, வயர்லெஸ் வேறொரு வழியில் வந்தது, ராடார் போர் வழியாக வந்தது, சுக்கானைத் தானே பிடித்துக்கொள்ளும் தானியங்கி இன்னொரு கம்பெனியிலிருந்து வந்தது. எல்லாம் ஒரே படகில் ஏறின. அடுத்தடுத்துத் திருகி வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மொழி தெரியாத புதுக் குடித்தனங்கள் மாதிரி அவை இருந்தன.

இவற்றுக்குப் பொதுமொழி வேண்டும் என்று முதலில் உட்கார்ந்தது விஞ்ஞானிகள் சபை அல்ல. கடைக்காரர்கள். 1957-இல் அமெரிக்காவில் படகுக் கருவி விற்பவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம், சுருக்கமாக என்எம்இஏ. ஒரு கம்பெனியின் கருவியை இன்னொரு கம்பெனியின் கருவியோடு இணைக்க முடியாமல் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவது விற்பவர்தானே? வலி யாருக்கோ, மருந்து தேடுவதும் அவர்தான். 1980-இல் முதல் ஒப்பந்தம் வந்தது. இருப்பிடம் சொல்லும் லோரான் என்ற ரேடியோ கருவி, சுக்கான் தானியங்கியிடம் 'இடப்பக்கம் விலகுகிறாய், வலப்பக்கம் வா' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

அடுத்து வருவது 1983. தமிழர்களுக்கு அந்த ஆண்டு என்றால் கறுப்பு ஜூலைதான் முதலில் நினைவுக்கு வரும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாக் நீரிணையைப் படகில் கடந்துவந்தவர்களின் ஆண்டு அது. நம் கதையிலும் அதே ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள், மூன்று கண்டங்களில், ஒன்றை ஒன்று அறியாமல் நடந்தன.

மார்ச்சில் அந்த விற்பனையாளர் சங்கம் என்எம்இஏ 0183 என்ற மொழியை வெளியிட்டது. இதன் அழகு, இதை மனிதரே படிக்கலாம் என்பது. ஒவ்வொரு செய்திக்கும் பெயரே 'வாக்கியம்'. வாக்கியம் டாலர் குறியில் தொடங்கும். பிறகு பேசுவது யார், எதைப் பற்றி என்று ஐந்து எழுத்து. பிறகு காற்புள்ளி போட்டுப் போட்டு விவரங்கள். சதுரங்கப்பட்டினம் கரைக்கு அருகே நிற்கும் படகின் ஜிபிஎஸ் கருவி பேசினால், நேரத்துக்குப் பின்னால் 1231 என்று தொடங்கும் ஓர் எண்ணும் வடக்கு என்பதற்கான எழுத்தும், 08010 என்று தொடங்கும் ஓர் எண்ணும் கிழக்கு என்பதற்கான எழுத்தும் வரும். பன்னிரண்டு பாகை முப்பத்தொரு கலை வடக்கு, எண்பது பாகை பத்துக் கலை கிழக்கு. அவ்வளவுதான். கடைசியில் நட்சத்திரக் குறி, அதற்குப் பின் இரண்டு எழுத்துச் சரிபார்ப்பு. வழியில் ஓர் எழுத்து கெட்டிருந்தாலும் கணக்கு உதைக்கும். கேட்பவர் அந்த வாக்கியத்தைத் தள்ளிவிடுவார். ஒரு வாக்கியம் 82 எழுத்தைத் தாண்டக் கூடாது. வேகம் விநாடிக்கு 4,800 பிட். இன்றைய கணக்கில் நத்தை நடைதான். ஆனால் படகு எவ்வளவு வேகமாக நகர்ந்துவிடப் போகிறது?

அந்த மொழியில் ஒரு விதி உண்டு. ஒரு கம்பியில் பேசுபவர் ஒருவர்தான், கேட்பவர்கள் பலர். ஜிபிஎஸ் பேசும், தானியங்கியும் வயர்லெஸும் வரைபடத் திரையும் கேட்கும். எக்கோ பேச வேண்டுமா, அதற்குத் தனிக் கம்பி. இந்த விதிதான் பின்னால் வரப்போகும் சிக்கலுக்கு வித்து.

இரண்டாவது நிகழ்ச்சி செப்டம்பர் 1. நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோல் போன கொரிய விமானம் 007 வழி விலகி சோவியத் வான்வெளிக்குள் போனது. சுட்டு வீழ்த்தினார்கள்; 269 பேரும் இறந்தார்கள். வழி ஏன் விலகியது? சர்வதேச சிவில் விமான அமைப்பின் விசாரணை பத்தாண்டு கழித்துச் சொன்ன காரணத்தைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகும். வழிகாட்டும் கருவி விமானத்திலேயே இருந்தது. தானியங்கியோ அதன் சொல்லைக் கேட்கும் நிலைக்கு மாறாமல், திசைகாட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு நேரே பறந்திருக்கிறது. இரண்டு கருவிகளுக்கு இடையே பேச்சு நடக்கவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான், ராணுவத்துக்கென்று செய்துவந்த ஜிபிஎஸ்ஸைப் பொதுமக்களுக்கும் தருவோம் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார்.

மூன்றாவது நிகழ்ச்சி ஜெர்மனியில். பாஷ் கம்பெனிப் பொறியாளர்கள் கார்களுக்குள் கம்பி பெருகிப்போவதைக் குறைக்க ஒரு வழி தேடத் தொடங்கினார்கள். அதற்கும் கடலுக்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜிபிஎஸ் கடைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. கார்மின் என்று இன்று உலகம் அறிந்த கம்பெனி 1989-இல் தொடங்கியபோது முதலில் செய்தது கார்களுக்கான கருவி அல்ல, படகுகளுக்கானது. செயற்கைக்கோளைப் பார்க்கத் திறந்த வானம் வேண்டும். கடலைவிடத் திறந்த இடம் எங்கே? மற்ற படகுக் கருவிகளோடு பேச வேண்டும் என்பதால் ஜிபிஎஸ் கருவிகளெல்லாம் டாலர் குறி வாக்கியத்தைக் கற்றுக்கொண்டன. பிறகு அவை சுருங்கிச் சுருங்கி ஒரு சிப் ஆகி, காருக்கும் கைபேசிக்கும் வந்தபோது, அந்த மொழியைப் பெரும்பாலோர் கைவிடவில்லை. வேலை செய்யும் ஒன்றை எதற்குக் கலைக்க வேண்டும்? அப்படித்தான் படகு மொழி நம் சட்டைப்பைக்கு வந்தது. உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞனின் கைபேசிக்குள்ளும் டாலர் குறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம் கரையில் ஜிபிஎஸ் கணியத்தின் மேல் வந்து இறங்கியது. அப்பன் மகனுக்கு மட்டும் சொன்ன பார், இப்போது ஒரு எண். மீனவர்கள் அதைப் 'பாயிண்ட்' என்கிறார்கள். பாயிண்டை நோட்டில் எழுதலாம், மச்சானுக்குச் சொல்லலாம், சொல்லாமலே ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டும் போகலாம். 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை பிசகிய இடம், அன்றிலிருந்து படகு நீளத்துக்கு நெருங்கி வந்தது. ஒரு பாரைத் தேடுகிறவனுக்கு அந்த நூறு மீட்டர் என்பது வலை கிழிவதற்கும் நிறைவதற்கும் உள்ள தூரம்.

இதே காலத்தில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 வாக்கில் தொடங்கிய கிராமத் தகவல் மையத் திட்டத்தில், அந்த மீனவர் ஊரின் தொண்டர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயரத்தையும் காற்றின் திசையையும் எடுப்பார்கள். அதைத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். போர்க்கப்பல்களுக்காகத் தயாரான தகவல், கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் காதுக்குப் போனது. பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர். 0183-இன் விதி அப்படியே ஊர் அளவுக்கு.

சரி, பாஷ் கம்பெனிக்கு வருவோம். 1986-இல் டெட்ராய்ட்டில் அவர்கள் கேன் என்ற முறையை அறிமுகப்படுத்தினார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி வேண்டாம். முறுக்கிய இரண்டே கம்பி போதும்; எல்லோரும் அதிலேயே பேசுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால்? இங்கேதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு எண் உண்டு. இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்கினால், ஒவ்வொருவரும் பேசிக்கொண்டே கம்பியைக் கேட்கிறார்கள். தான் சொன்ன பிட் கம்பியில் கேட்கவில்லை, வேறொருவரின் பிட் கேட்கிறது என்றால், தன்னுடையதைவிட அவசரச் செய்தி போகிறது என்று பொருள். உடனே வாயை மூடிக்கொண்டு முறைக்காகக் காத்திருப்பார். மற்றவர் பேச்சு இடையில் அறுபடாமல் முழுதாகப் போய்ச் சேரும். நாட்டாமை இல்லாமலே கூட்டம் ஒழுங்காக நடக்கும்.

பட்டு நகரத்து மாவட்டத்துக்காரனான எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. காருக்குச் செய்த கேன், தொடக்க நாட்களில் காரைவிட முன்னதாக மற்ற இயந்திரங்களில் ஏறிவிட்டது. பின்லாந்தின் கோனே கம்பெனி லிஃப்டுகளில் வைத்தது. சுவீடனின் க்வாசர் என்ற சிறு நிறுவனம், டோர்னியர், சுல்சர் போன்ற தறி இயந்திரக் கம்பெனிகளிடம் இதைக் கொண்டுபோனது. அவர்கள் சேர்ந்து 'கேன் ஜவுளிப் பயனாளர் குழு' என்றே ஒன்றை வைத்துக்கொண்டார்கள். ஆக, கருவிகளின் இந்தப் பேச்சு மொழி பழகிய முதல் இடங்களில் ஒன்று தறி. அதற்குப் பிறகுதான், 1990-களின் தொடக்கத்தில், மெர்சிடிஸ் கார்களில் வந்தது. லாரிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு வட்டார வழக்கை அதிலிருந்து உருவாக்கி ஜே1939 என்று பெயரிட்டார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. 2012-இல் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை வந்தது. அங்கிருந்து நம் சாலைக்கு வரும் லாரிகள் பேசுவது அந்த வழக்கைத்தான்.

படகுக்காரர்களுக்கோ 0183 போதாமல் போய்க்கொண்டிருந்தது. பேசுபவருக்கு ஒரு கம்பி என்று இழுத்து இழுத்து, படகின் கீழே கம்பிக் காடு. எந்த நிறம் எதற்கு என்று போட்டவருக்கே மறந்துபோகும். 1990-களில் அதே சங்கம் மறுபடி உட்கார்ந்தது. இந்த முறை புதிதாக மொழி செய்யவில்லை. லாரிக்காரர்களின் ஜே1939-ஐ எடுத்துக் கடலுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள். கேபிளையும் இணைப்பியையும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு என்று இருந்த டிவைஸ்நெட் முறையிலிருந்து கடன் வாங்கினார்கள். 2000-ஐ ஒட்டி வெளிவந்த இதற்கு என்எம்இஏ 2000 என்று பெயர். வேகம் 0183-ஐப் போல ஐம்பது மடங்குக்கு மேல். எல்லோரும் பேசலாம், எல்லோரும் கேட்கலாம். ஐம்பது கருவி வரை ஒரே தண்டில் சேர்க்கலாம்.

அதன் அமைப்பைக் கிட்ட நின்று பார்த்தால் திருமுக்கூடல் நினைவுக்கு வரும். படகின் நீளத்துக்கு ஒரு முதன்மைக் கேபிள், ஆறு மாதிரி. கருவிக்குக் கருவி அதிலிருந்து ஒரு கிளைக் கேபிள். கிளை ஆறு மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. முதன்மைக் கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று வைத்து மூட வேண்டும். திறந்து விட்டால், போன சமிக்ஞை முனையில் மோதித் திரும்பிவந்து பேச்சைக் குழப்பும். எல்லாம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் செய்திக் கம்பிகளில் வையுங்கள். 60 ஓம் காட்டினால் இரண்டு முனையும் மூடியிருக்கிறது. 120 காட்டினால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்துப்போயிருந்தால், அளவு நிலைகொள்ளாமல் ஆடும்.

பொதுமொழி வந்ததும் எல்லாரும் ஒன்றானார்களா என்றால், அதுதான் இல்லை. கம்பெனிகள் உள்ளே அதே மொழியை வைத்துக்கொண்டு, வெளியே ஆளுக்கொரு சொருகியைச் செய்தன. ரேமரின் அதற்கு சீடாக் என்ஜி என்று பெயர் வைத்தது. சிம்ராட் சிம்நெட் என்றது. பேச்சு ஒன்று, வாசல் வேறு வேறு. மொழியின் அகராதியும் விலைக்குத்தான் கிடைத்தது. அதனால் இன்னொரு கூட்டம் கிளம்பியது: கம்பியில் ஓடுவதை ஒட்டுக்கேட்டு அகராதியைத் தாங்களே எழுதியவர்கள். ஜெர்மனியின் தாமஸ் க்னாஃப் ரேமரினின் பழைய சீடாக் மொழியை அப்படிப் பிரித்து எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். நெதர்லாந்தின் கீஸ் வெர்ரைட் தொடங்கிய கேன்போட் திட்டம் என்எம்இஏ 2000-இன் செய்திகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தது. கடலாழம் என்றால் 128267, இருப்பிடம் என்றால் 129025 என்று இன்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரி மாணவர் ஒருவர் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி அட்டையை வைத்துப் படகின் பேச்சு முழுவதையும் கைபேசித் திரையில் கொண்டுவர முடிகிறது என்றால், இவர்கள் போட்ட பாதைதான் அது. பூட்டுப் போட்ட கம்பெனிகளைவிட இவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது.

நம் கரையில் கதை வேறு பாதையில் போனது. காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு விசைப்படகின் சுக்கான் அறைக்குள் எட்டிப் பாருங்கள். ஜிபிஎஸ் இருக்கும், எக்கோ இருக்கும், விஎச்எஃப் வயர்லெஸ் இருக்கும், அதற்குப் பக்கத்தில் சாமி படம் இருக்கும். கருவிகள் வந்த வழி இங்கேயும் விபத்து வழிதான். 2008-இல் மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி வந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு படகும் தான் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் கரையின் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தது; கேட்க வேண்டியவர்கள் கடலில் இருந்தார்கள். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் அந்த இழப்பை இன்னும் சுமக்கின்றன.

ஒக்கிக்குப் பிறகு, 2019 அக்டோபரில், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் ஜெமினி என்ற சிறு பெட்டியை வெளியிட்டது. ககன் என்ற வழிகாட்டல் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும் மீன்வளப் பகுதித் தகவலையும் வாங்கி, படகில் இருப்பவரின் கைபேசிக்குப் புளூடூத்தில் தரும். கேட்கத்தான் முடியும், திரும்பப் பேச முடியாது. அடுத்து இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் இரண்டு பக்கமும் பேசும் டிரான்ஸ்பாண்டர் வந்தது. நாடெங்கும் ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30-இல் பிரதமர் தொடங்கிவைத்தார். இதுவும் புளூடூத்தில் கைபேசியோடு சேர்ந்து, நப்மித்ரா என்ற செயலியில் பேசுகிறது.

புளூடூத் என்ற பெயருக்குள் ஒரு பழைய அரசர் இருக்கிறார். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத். சிதறிக் கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவர் என்பதால், 1997-இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக், கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறைக்கு அவர் பெயரைச் சொன்னார். தற்காலிகமாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஹரால்ட் ஆள்வதற்கு ஒரு தலைமுறை முன்னால்தான் எங்கள் உத்திரமேரூரில் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் கல்லில் ஏறின. சபையில் யார் அமரலாம், யார் அமரக் கூடாது என்பதற்கும் விதி வேண்டும் என்று கடல்களுக்கு இந்தப் பக்கம் யோசித்தவர்கள் அவர்கள்.

ஆக, நம் படகில் டிரான்ஸ்பாண்டர் கைபேசியோடு பேசுகிறது. ஜிபிஎஸ், எக்கோ, வயர்லெஸ் பல படகுகளில் இன்னும் தனித்தனிக் குடித்தனம். மூன்றையும் பார்த்துச் சேர்த்துக்கொள்வது டிரைவரின் தலைதான், ராப்பலகைக் காலத்தைப் போலவே. அந்தத் தலையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது மூன்று இரவு தூங்காத தலையாகவும் இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் உடனே செய்துவிடலாம். டிஎஸ்சி என்ற தானியங்கி அழைப்பு வசதி உள்ள விஎச்எஃப் வயர்லெஸில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். ஆபத்தில் மூடியைத் திறந்து அழுத்தினால், பேச வாய்ப்பில்லாவிட்டாலும் அபயச் செய்தி தானே போகும். ஜிபிஎஸ்ஸோடு இணைத்திருந்தால் படகு நிற்கும் இடமும் சேர்ந்து போகும். இணைக்கவில்லை என்றால், நாமே கையால் இடத்தைப் பதிந்துவைக்காதவரை, யாரோ எங்கோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்ற அளவில்தான் போகும். வசதி நிறைந்த அமெரிக்காவிலேயே, தங்களுக்கு வந்த இத்தகைய அபயச் செய்திகளில் பத்தில் ஒன்பதில் இடம் இல்லை என்று அந்நாட்டுக் கடலோரக் காவல்படை எச்சரித்தது.

இணைப்பதற்குத் தேவை பெரிய வலைப்பின்னல் அல்ல. 1983-இன் அந்தப் பழைய டாலர் குறி வாக்கியமே போதும். இரண்டு கம்பி வேலை. சொந்தத்தில் யாராவது படகு வைத்திருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது அவரிடம் கேளுங்கள்: வயர்லெஸையும் ஜிபிஎஸ்ஸையும் இணைத்திருக்கிறீர்களா? வயர்லெஸ் திரையில் படகின் இடம் தானாக வருகிறதா? வரவில்லை என்றால், இரண்டு பெட்டியின் பின்பக்கத்திலும் என்எம்இஏ என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுதியிருந்தால், ஜிபிஎஸ்ஸின் 'வெளியே' கம்பிகளை வயர்லெஸின் 'உள்ளே' கம்பிகளோடு சேர்க்க வேண்டும். கம்பியின் நிறத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். கையேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு சேர்க்கச் சொல்லுங்கள்.